பாதி முகம் மட்டும் காட்டிய புதன்: கடந்து சென்றபடியே வரைந்த வரைபடம்

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் புதன். பூமியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விடியலுக்குச் சற்று முன்போ, அந்தி சாய்ந்த பின்போ கொஞ்ச நேரம்தான் தென்படும். தொலைநோக்கியிலும் மங்கிய சிறு வட்டமாகவே தெரியும். அதன் தரையை முதன்முதலாக அருகில் சென்று படம் பிடித்தது, நாசா 1973 நவம்பர் 3ஆம் தேதி பாய்ச்சிய மரினர் 10 விண்கலம்.

புதனைச் சுற்றிவர வேண்டுமானால் கலத்தின் வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். அதற்கு ஏராளமான எரிபொருள் தேவை. எனவே, மரினர் 10 நிற்காமல் கடந்து செல்லும்படி திட்டமிடப்பட்டது. வழியில் வெள்ளிக் கோளின் ஈர்ப்பு விசையைக் கொண்டு பாதையைத் திருப்பிக்கொண்டது. ஒரு கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி இன்னொரு கோளை அடைந்த முதல் விண்கலம் இதுவே.

மூன்று சந்திப்பு, ஒரே பக்கம்

ஒருமுறை கடந்தால் அத்தோடு முடிந்தது என்றுதான் முதலில் எண்ணினர். பாதையைச் சரியாக அமைத்தால் கலம் மீண்டும் புதனிடம் வரும் என்று சுட்டிக்காட்டியவர் இத்தாலிய அறிவியலாளர் ஜுசெப்பே கொலம்போ. அதன்படி 1974 மார்ச் 29, செப்டம்பர் 21, 1975 மார்ச் 16 என மூன்று முறை மரினர் 10 புதனைக் கடந்தது.

ஆனால் ஒரு சிக்கல். கலம் 176 நாளுக்கு ஒருமுறை புதனைச் சந்தித்தது. அதே 176 நாளில் புதன் சூரியனை இரண்டு முறை சுற்றி, தன்னைத்தானே மூன்று முறை சுழன்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் வெயில் பட்டது ஒரே பக்கத்தில்தான். மறுபக்கம் இருளிலேயே இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தும், தரையில் சுமார் 45 விழுக்காடு மட்டுமே வரைபடமானது.

படங்கள் வரைபடமாவது எப்படி?

ஓடும் ரயிலின் சன்னலிலிருந்து ஒரு குன்றைப் பல முறை படமெடுத்தால், ஒவ்வொரு படத்திலும் அது சற்று வேறு கோணத்தில் தெரியும். இங்கும் அப்படித்தான். பல படங்களில் தெரியும் ஒரே பள்ளத்தை அடையாளம் கண்டு, கலம் இருந்த இடத்தையும் கேமரா நோக்கிய திசையையும் கணக்கிட்டு, அந்தப் பள்ளத்தின் இடத்தைக் குறிக்கின்றனர். இத்தகைய புள்ளிகளைக் கொண்டு படங்களை ஒன்றோடொன்று பொருத்துகின்றனர். நிழலின் நீளத்தைக் கொண்டு மேடு எவ்வளவு உயரம், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கணிக்கின்றனர்.

தீர்க்கரேகையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் இருள் குறுக்கிட்டது. பூஜ்ஜியக் கோடு செல்லும் பகுதி படங்களில் இருட்டாக இருந்தது. அதனால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு பள்ளத்தை 20ஆம் பாகை என வைத்து, அதிலிருந்து அளந்தனர். அதன் பெயர் ஹுன் கல். மாயா மொழியில் ‘இருபது’ என்று பொருள்.

புதனில் தியாகராஜர்

புதனின் பள்ளங்களுக்குக் கவிஞர், ஓவியர், இசைக்கலைஞர் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். வால்மீகி, வியாசர், காளிதாசர் பெயர்கள் அங்கே உள்ளன. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் பெயரிலும் 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் ஒரு பள்ளம் உண்டு.

33 ஆண்டுக் காத்திருப்பு

பாதி வரைபடத்தை வைத்து முழுக் கோளையும் கணித்துவிட முடியாது. கலோரிஸ் என்னும் மாபெரும் வட்டப் பள்ளத்தின் ஒரு பாதியைத்தான் மரினர் 10 கண்டது. அதன் விட்டம் 1,300 கிலோமீட்டர் என மதிப்பிட்டனர். 2008 ஜனவரியில் மெசஞ்சர் விண்கலம் கடந்தபோது மறுபாதி தெரிந்தது. உண்மையான விட்டம் சுமார் 1,550 கிலோமீட்டர்!

2009க்குள் மூன்று முறை கடந்த மெசஞ்சர், துருவப் பகுதிகள் தவிர ஏறத்தாழ முழுக் கோளையும் படமாக்கியது. 2011இல் சுற்றுப்பாதையில் நுழைந்து, எஞ்சிய இடங்களையும் நிரப்பியது. 2015 ஏப்ரல் 30ஆம் தேதி எரிபொருள் தீர்ந்து, தான் படம் பிடித்த அதே தரையில் மோதி முடிந்தது.

2018இல் புறப்பட்ட ஐரோப்பிய, ஜப்பானிய விண்கலமும் புதனை ஆறு முறை கடந்துவிட்டது. அன்று வழி சொன்ன கொலம்போவின் நினைவாக அதற்குப் பெப்பிகொலம்போ என்று பெயர்.