சுத்தம் என்ற சொல்லும் ரேடியம் என்ற பொருளும்

ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே படத்தைத்தான் கரும்பலகையில் வரைகிறேன். மேலே பருப்பொருள். அதிலிருந்து இரண்டு கிளைகள்: தூய பொருள், கலவை. தூய பொருளுக்குக் கீழே தனிமம், சேர்மம். வரைந்து முடித்ததும் பால் எங்கே வரும் என்று கேட்பேன். "சுத்தமான பசும்பால்னா தூய பொருள், டீச்சர்" என்று பாதி வகுப்பு சொல்லும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காத பாலும் கலவைதான். அதில் நீர், கொழுப்பு, புரதம், சர்க்கரை எல்லாம் இருக்கின்றன என்று விளக்குவேன். வேதியியலில் தூயது என்றால் ஒரே வகைத் துகள்களால் ஆனது, அவ்வளவுதான். உயர்வு, தாழ்வு என்ற தீர்ப்பு எதுவும் அதில் கிடையாது.

போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "கண்ணால பாத்தா தெரியாதுன்னா, இது தூய பொருள்னு யாரு டீச்சர் முடிவு பண்றாங்க?" தூய பொருள் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் உருகும், கலவை அப்படி உருகாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பதில் சரிதான். ஆனால் அவள் கேட்டது 'யார்' என்று. அதற்கு நான் மேரி கியூரியின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் நாம் கடந்து போகும் கதை அது.

பிட்ச்பிளெண்ட் என்பது கறுப்பு நிற யுரேனியத் தாது. அதில் இருந்த யுரேனியத்தின் அளவுக்கு வர வேண்டியதைவிட அதிகமான கதிர்வீச்சு அதிலிருந்து வந்தது. அப்படியானால் அந்தக் கலவைக்குள் இதுவரை தெரியாத வேறொன்று இருக்க வேண்டும். 1898 ஜூலையில் பொலோனியத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் மேரியும் பியரும் அறிவித்தார்கள். ஆனால் அறிவித்த பொருளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, எடை போடவுமில்லை. தனிமம் என்று வேதியியலாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் பொருளைப் பிரித்தெடுத்து அணு எடையைச் சொல்ல வேண்டும்.

பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து, யுரேனியம் எடுத்தபின் எஞ்சிய கழிவு டன் கணக்கில் பாரிஸுக்கு வந்தது. வேலை நடந்த இடம் ஒரு கொட்டகை. முன்பு மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் படித்த இடம். கண்ணாடிக் கூரை மழைக்கு ஒழுகும். ஒரு தடவைக்கு இருபது கிலோ வரை கொதிக்க வைத்து, ஏறக்குறைய தன் உயரமுள்ள இரும்புக் கம்பியால் சில நாட்களில் பொழுது முழுவதும் கிளறியதாக மேரி பின்னாளில் எழுதினார். வீட்டில் கைக்குழந்தை. அந்த ஆய்வகத்தில் 1904 வரை அவருக்குச் சம்பளம் கிடையாது.

பிரிப்பதில் பெரிய சிக்கல் பேரியம். வேதிவினைகளில் ரேடியம் பேரியத்தைப் போலவே நடந்துகொள்ளும்; பேரியம் போகும் இடமெல்லாம் கூடவே போகும். இரண்டின் குளோரைடு உப்புகளும் நீரில் கரையும் அளவில் மட்டும் சிறு வித்தியாசம் உண்டு. கரைசலைச் சுண்ட வைத்து ஆறவிட்டால் முதலில் விழும் படிகங்களில் ரேடியம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவற்றை எடுத்து மறுபடி கரைக்க வேண்டும், மறுபடி படிகமாக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை. பேரியத்தின் அணு எடை 137. உப்பில் ரேடியம் கூடக் கூட அளந்த எண் மேலே ஏறியது. 1902இல் கையில் இருந்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அணு எடை 225 என்று அறிவித்தார். இன்று நாம் சொல்வது 226.

தூற்றுதல், சலித்தல், தெளிய வைத்து இறுத்தல் என்று பாடப்புத்தகம் பிரிக்கும் முறைகளை வரிசைப்படுத்துகிறது. என் அம்மாச்சி முறத்தோடு செய்தது இதைத்தான். அரிசியில் கல் இல்லாத நாளில் அவளை யாரும் நினைக்கவில்லை. கல் கடிபட்ட அன்று மட்டும் "யாரு புடைச்சது?" என்ற கேள்வி வரும். பிரித்து முடித்த பொருளில் பிரித்தவரின் உழைப்பு தெரிவதில்லை. மேரிக்காவது பெயர் மிஞ்சியது. அந்தக் கழிவின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையில் முதற்கட்டமாகச் சுத்திகரித்த தொழிலாளர்கள் நாம் சொல்லும் கதையில் இல்லவே இல்லை.

1906 ஏப்ரலில் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டனின் மூத்த இயற்பியலாளர் கெல்வின் பிரபு, ரேடியம் தனிமமே அல்ல, ஈயமும் ஹீலியமும் சேர்ந்த சேர்மமாக இருக்கலாம் என்று லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதினார். ரேடியத்திலிருந்து ஹீலியம் வெளிவருவது அப்போது தெரிந்திருந்ததால் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் என் கரும்பலகைப் படத்தில் ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றுவது ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். அதை மறுக்க மேரிக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. 1910இல் ஆந்த்ரே டெபியெர்னுடன் சேர்ந்து, ரேடியம் குளோரைடு கரைசலை மின்னாற்பகுத்து ரேடியத்தைப் பாதரசத்தோடு சேர வைத்தார். பிறகு பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக வெளியேற்றினார். மிஞ்சியது வெள்ளையாக மின்னும் உலோகம். ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸில் அது உருகியது.

1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஓரிரு வாக்குகளில் அவரை உறுப்பினராக்க மறுத்தது. நவம்பரில் மணமான இயற்பியலாளர் பால் லாஞ்ஜெவானுடன் அவருக்கிருந்த உறவைப் பத்திரிகைகள் தெருவுக்கு இழுத்தன. பிரெஞ்சுக் குடும்பத்தைக் கெடுக்க வந்த அந்நியப் பெண் என்று எழுதின. வீட்டு முன்னால் கூட்டம் கூடியது. வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த நேரம் அது. விழாவுக்கு வராமல் இருப்பது நல்லது என்று ஸ்டாக்ஹோமிலிருந்து கடிதம் வந்தது. பரிசு ஆய்வுக்குத்தான், அதற்கும் சொந்த வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று பதில் எழுதிவிட்டுப் போனார். ரேடியத்தைத் தூய உப்பாகப் பிரித்து அது தனிமம் என்று நிறுவிய வேலை தன்னுடையது என்று அந்த மேடையிலேயே சொன்னார்.

இதைப் படிக்கும்போது எனக்கு அம்மாச்சி வீட்டுத் திண்ணை ஞாபகம் வருகிறது. மாதத்தில் மூன்று நாள் தனிப் பாய், தனித் தட்டு, "சுத்தமில்லை" என்ற ஒரு சொல். எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை. ரேடியம் தூயது என்று காட்ட அணு எடையும் உருகுநிலையும் கேட்டார்கள். அதைப் பிரித்தெடுத்தவர் தூயவர் அல்ல என்று சொல்ல யாரும் எதையும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு படத்தை வரைந்தபோது கலவையிலிருந்து தூய பொருளுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, அதன் மேல் "1898–1902, மேரி கியூரி, 0.1 கிராம்" என்று எழுதினேன். கேள்வி கேட்ட பெண் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் கரும்பலகையைக் காட்டினேன்.