கல்லைச் செய்தவன் பெயர்

அயர்லாந்தின் வடகோடியில், டோனகல் மாவட்டத்து இனிஷோவென் தீபகற்பத்தில் குளோன்கா என்றொரு இடம். பழைய துறவிமடம் இருந்த நிலம். இன்று மிச்சமிருப்பவை கூரையிழந்த தேவாலயம் ஒன்றும் கற்சிலுவைகளும்தான். தேவாலயத்துக்குள்ளே ஒரு கல்லறைப் பலகை. 15 அல்லது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொடி வேலைப்பாட்டோடு சிலுவை, நீண்ட வாள், வாளுக்குப் பக்கத்திலேயே நுனி வளைந்த மட்டையும் பந்தும்.

எழுத்து கேலிக் மொழியில். ஃபெர்கஸ் மாக் ஆலன் இந்தக் கல்லைச் செய்தான், மாக்னஸ் மெக் ஓரிஸ்டின் இதன்கீழ் இருக்கிறான். அவ்வளவே. செத்தவனுக்கான கல்லில் செஞ்சவன் பேருதான் முதலில் வருது. இன்னார் இங்கே கிடக்கிறார், அவர் ஆன்மாவுக்காக வேண்டுங்கள் என்கிற லத்தீன் வாய்பாடு இங்கே கிடையாது. இதை உடனே உழைப்பாளியின் கலகக்குரல் என்று கொண்டாட நான் தயாரில்லை; பேர்போன சிற்பியின் கையெழுத்து, கல்லை வாங்கிய குடும்பத்துக்கும் ஒரு கௌரவமாக இருந்திருக்கலாம். ஆனாலும் வாள்வீரனைத் தேடி வருகிறவன் கல்தச்சனைத் தாண்டித்தான் போயாகணும்.

பிற்காலத்துக்குப் பிடித்துப்போனது மட்டைதான். ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தின் பழமைக்கு இது சாட்சி என்கிறார்கள். இருக்கட்டும். அந்த ஆட்டத்துக்கே ஒரு அரசியல் வரலாறு உண்டு. 1366இல் கில்கென்னியில் கூடிய ஆங்கிலக் குடியேற்றத்தின் நாடாளுமன்றம், தன் மக்கள் ஐரிஷ்காரரோடு மணஉறவு கொள்ளக் கூடாது, ஐரிஷ் பேசக் கூடாது, மட்டையால் பந்தடித்து ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆங்கில அடையாளத்தைக் காப்பாற்றப் போட்ட இந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி எது தெரியுமா? பிரெஞ்சு! தடை போட வேண்டிவந்ததே, கலப்பு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

1884இல் தர்ல்ஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் ஹர்லிங்கைத் தேசத்தின் ஆட்டமாக நிலைநிறுத்தியது. காலனிய எதிர்ப்பில் அதன் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அதே சங்கம், ரக்பி, கிரிக்கெட், சாக்கர் ஆகிய 'அந்நிய' ஆட்டங்களுக்கு எதிரான தன் தடையை 1971 வரை விடவில்லை. 1938இல் ஒரு சாக்கர் போட்டியைப் பார்க்கப் போனதற்காக நாட்டின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடையே சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஐரிஷ் மொழியை மீட்க வாழ்நாளைச் செலவிட்ட மனிதர் அவர்! கில்கென்னியின் தர்க்கம் ஆள் மாறி வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

குளோன்காவின் கல் இந்தத் தூய்மைக்கெல்லாம் அடங்குவதில்லை. அதன் செதுக்குமுறை ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுடையது. மாக்னஸ் என்பது நார்வேக்காரர் வழியாக வந்த பெயர். அத்தீவுகள் 1266 வரை நார்வே மன்னருக்குக் கீழிருந்தவை. அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டு முதலே டோனகலுக்குக் கூலிப்படை வீரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஐரிஷ்காரர் வைத்த பெயரின் பொருளே 'அந்நிய வீரன்'. மாக்னஸின் பெயரும் வாளும் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. மட்டையும் அப்படியே: இன்றைய அகன்ற ஹர்லிங் மட்டையைவிட ஸ்காட்லாந்தின் ஷின்டி மட்டைக்குத்தான் நெருக்கம். கேலிக்கில் இரு கரையிலும் அதற்குக் 'கமான்' என்றுதான் பேர். தெளிவான நாளில் இனிஷோவெனில் நின்றால் எதிர்க்கரையின் தீவு கண்ணுக்குத் தெரியும். நடுவிலிருந்த கடல் அன்றைக்குப் பாதை. அதை எல்லையாக்கியவை பின்னால் வந்த அரசுகள்.

தேசத்தின் விளையாட்டு வரலாறு இந்தக் கல்லிலிருந்து மட்டையையும் பந்தையும் மட்டும் பெயர்த்தெடுத்துக்கொள்கிறது. மாக்னஸ் எந்தக் கரைக்காரன் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஃபெர்கஸ் வருவதே இல்லை.