கொலைக் கதைக்குக் கிடைத்த மேடை



'எழுத்தாளனை வளர்ப்பது விருதா, வாசகனா?' என்பது தலைப்பு. துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு வாசகன் போதும், விருது எதற்கு என்று எனக்கு முன் பேசிய நண்பர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன்.

ஜொகூர் தோட்டப்புறங்களில் வளர்ந்த நமக்கு அது தெரியாததா? சங்கர்லாலையும் கணேஷ்-வசந்தையும் அட்டை கிழியும்வரை கைமாற்றிப் படித்தவர்கள் நாம். 1968-இல் 'நைலான் கயிறு' எழுதிய சுஜாதாவுக்கு இந்திய அரசு 1993-இல் தேசிய விருது கொடுத்தது. எதற்கு? அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்கு! 2008-இல் அவர் மறையும்வரை சாகித்திய அகாதெமி அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கொலைக் கதை எழுதுகிறவன் இலக்கிய வீட்டின் திண்ணையோடு நின்றுவிட வேண்டும் என்று யாரோ எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.

இந்தியாவின் பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததைப் பாருங்கள்.

கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒண்டாச்சி 1992-இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா? இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காகத் தம் தாயாரின் குடும்பப் பெயரில் கிரேஷியன் பரிசை ஏற்படுத்தினார். அதில் ஒரு நல்ல விதி: அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். பதிப்பாளர் கிடைக்காத எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய உதவி எது?

விளம்பர நிறுவனங்களில் எழுதிப் பிழைத்துவந்த ஷெஹான் கருணாதிலக்க என்பவர், காணாமற்போன ஒரு கிரிக்கெட் வீரரைத் தேடும் கதையைப் பிரதியாக அனுப்பினார். 2008-ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு அதற்குக் கிடைத்தது. 'சைனாமேன்' என்ற அந்த நாவல் அச்சில் வந்தது பிறகுதான், 2010-இல். 2012-இல் காமன்வெல்த் புத்தகப் பரிசும் பெற்றது.

அடுத்து எழுதியது அசல் கொலைக் கதை. துப்பறிகிறவனே செத்துப்போனவன். 1990-ஆம் ஆண்டுக் கொழும்பு. மாலி அல்மேதா என்ற போர்ப் புகைப்படக்காரன் ஆவியாகக் கண் விழிக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்பது அவனுக்கே நினைவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் படங்கள். 1983 இனக்கலவரத்தில் தமிழர்கள் கொல்லப்பட்ட காட்சிகளும் அதில் உண்டு. ஏழு நிலவுகளுக்குள் அவை நண்பர்கள் கையில் சேர வேண்டும்.

இது வெறும் கற்பனை அல்ல. 1990 பிப்ரவரியில் ரிச்சர்ட் டி சொய்சா என்ற பத்திரிகையாளரை வீடு புகுந்து கடத்திச் சென்றார்கள். உடல் கடலில் கிடைத்தது. அடையாளம் காட்டியவர் அவருடைய தாயார், தமிழரான டாக்டர் மனோராணி சரவணமுத்து. அந்த அம்மையார் வீட்டில் முடங்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களைத் திரட்டி வீதிக்கு வந்தார். வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் 2005-இல் விடுதலையானார்கள். நீதிமன்றத்தில் கிடைக்காத விடையைத்தான் நாவலில் ஆவி தேடுகிறது. இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியுமா, நடுவர் அவர்களே?

அந்த நாவலும் எளிதில் கரை சேரவில்லை. 'டெவில் டான்ஸ்' என்ற பெயரில் கையெழுத்துப் பிரதியாக 2015-க்கான கிரேஷியன் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது, பரிசு இல்லை. 2020-இல் வேறு பெயரில் இந்தியாவில் வெளிவந்தது. இலங்கை அரசியல் வெளிநாட்டு வாசகருக்குப் புரியாது என்று பதிப்பாளர்கள் பலர் தயங்கினார்கள். லண்டனில் ஒரு சிறிய பதிப்பகம் துணிந்தது. ஆசிரியர் மறுபடியும் திருத்தி எழுதினார். மூன்றாவது பெயர் வைத்தார்: 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்'.

புக்கர் முதல் பட்டியல் வந்தது 2022 ஜூலையில். கொழும்பில் பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்ற மாதம், அதிபர் நாட்டைவிட்டு ஓடிய மாதம். 13 நூல்கள் ஆறாயின. அக்டோபர் 17 அன்று ஆறு ஒன்றாயிற்று. 50,000 பவுன்! ஒண்டாச்சிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்னவர் பரிசுப் பணத்தில் நட்ட மரத்தின் நிழலில் வளர்ந்தவர்தான் பின்னவர்.

வாசகன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் பரிசு வாங்காத அந்தப் பிரதியைப் பட்டியலில் யாரும் சேர்க்காமலே விட்டிருந்தால், ஆசிரியருக்கு மேலும் ஏழு ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டும் தெம்பு இருந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன். நம் துப்பறியும் எழுத்தாளர்களில் எத்தனை பேர் பெயர் அப்படி ஒரு பட்டியலில் வந்திருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம். இந்த நாவல் ஒரு நாள் கடைகளில் மாயக் கற்பனைக் கதை அலமாரிக்குப் போய்ச் சேரட்டும், இப்படியெல்லாம் நடந்ததா என்று மக்கள் நம்பாத காலம் வரட்டும் என்ற பொருளில் அவர் பேசினார். பிறகு லண்டன் மேடையில் நின்றபடியே தம் நாட்டு மக்களை நோக்கிச் சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் சொன்னார்.