பரல், குண்டுக்கல், கல்லாங்குத்து

வெளிநாட்டில் இருக்கும் பேரன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "தாத்தா, போல்டருக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். யாரோ ஒரு டப்பாவை மறைத்து வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் செல்போனோடு போய்த் தேட வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கியது. வெறுமனே "கல்லுக்கு அடியில்" என்று குறிப்புக் கொடுத்தால் மலையடிவாரத்தில் எந்தக் கல்லைப் புரட்டுவது? அதனால் கல்லின் அளவுக்குத் தனித்தனிச் சொல் வேண்டியிருக்கிறது.

எனக்குச் சட்டென்று வரவில்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கையில் அடங்குவது கயூ, நீரில் உருண்டு வழவழப்பானது கலே, அசையாமல் நிற்பது ரொஷே என்று அந்தக் காலத்து மனப்பாடம்தான் முதலில் வந்தது. தமிழில் இந்தச் சொற்களை நான் கற்றதே தேனிக்கு வேலைக்கு வந்த பிறகுதான்.

இங்கே தோட்டக்காரர்கள் கல்லை அளந்து பெயர் சொல்வதில்லை. பாதையில் கொட்டிக் கிடப்பது சரளை. சுருளியாற்றில் பொறுக்குவது கூழாங்கல். ஓர் ஆள் தூக்க முடிந்தால் அது வெறும் கல். கடப்பாறை போட்டு நெம்பினால் உருளுவது குண்டுக்கல். நெம்பியும் அசையாதது பாறை. பாறையும் முள்ளுமாக மேடேறி நின்றால் கரடு. கட்டட வேலையில்தான் அளவு வரும்: முக்கால் ஜல்லி என்றால் 20 மில்லிமீட்டர், ஒன்றரை ஜல்லி 40. வென்ட்வொர்த் என்ற அமெரிக்கர் 1922-ல் வகுத்த அளவுப்படி 256 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதெல்லாம் போல்டர். பேரனுக்குக் குண்டுக்கல் என்றே சொன்னேன்.

இவற்றில் மிகச் சிறியதான பரல் மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது. சிலம்புக்குள் இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதில்தான் கோவலன் வழக்கே தீர்ந்தது. தீர்ந்தபோது அவன் உயிரோடு இல்லை. கண்ணகி கோயில் நம் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாதையின் கற்கள் எல்லா அளவிலும் பழக்கம்!

அலுவலகத்தில் இந்தச் சொற்களின் கனமே வேறு. அ-பதிவேட்டில் புறம்போக்கு நிலங்களுக்கு எதிரே கரடு, பாறை, கல்லாங்குத்து என்று எழுதியிருக்கும். எழுதிய நாளில் நிலம் அப்படித்தான் இருந்திருக்கும். நிலம் மாறிய பிறகும் சொல் மாறாது.

ஒரு பெரியவர் பட்டா கேட்டு மனுக் கொடுத்தார். "எங்க அய்யா காலத்துலயே குண்டுக்கல்லெல்லாம் நெம்பி ஓரமா அடுக்கிட்டோம் சார். இப்ப சோளம் வெளையுது, வந்து பாருங்க" என்றார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. பதிவேட்டில் கல்லாங்குத்து என்று இருந்தது. கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று பதில் போயிற்று. அந்த வரைவை எழுதியது நான்தான். "தல ஆய்வு செய்யலாம்" என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். சோளம் இல்லை, தரிசாகக் கிடந்தது. ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் கல் வரப்பு. அடியில் குண்டுக்கல், மேலே போகப்போகச் சிறிய கல், சந்துகளில் சரளை.