பப்வா செவ்கோலம்

செவ்சங்கர் "பப்வா" செவ்கோலம் (இறப்பு: 1978) தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த, இந்திய வம்சாவளித் தொழில்முறைக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். இவர் டச்சு ஓப்பன் போட்டியை மூன்று முறையும் (1959, 1960, 1964), நேட்டால் ஓப்பன் போட்டியை இரண்டு முறையும் (1963, 1965) வென்றார். இனவொதுக்கல் சட்டங்களால் இவரது விளையாட்டு வாழ்க்கை பாதியிலேயே முடக்கப்பட்டது.

இளமை

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் வழிவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். செவ்சங்கர் என்பது சிவசங்கர் என்ற பெயரின் திரிபாகும். பள்ளிக்கல்வி பெறாத இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளையர் ஆடிய திடல்களில் அவர்களின் மட்டைப்பைகளைச் சுமக்கும் கேடியாக வேலை செய்தபடியே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

ஆட்டமுறை

வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருப்பது வழக்கம். செவ்கோலம் இதற்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். பயிற்றுநர்கள் தவறு என்று ஒதுக்கும் பிடி இது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே பழகியதால் வந்தது. இப்பிடியுடனேயே அவர் தமது எல்லா வெற்றிகளையும் பெற்றார்.

ஐரோப்பாவில்

கிரகாம் வுல்ஃப் என்ற தொழிலதிபருக்கு இவர் கேடியாக இருந்தார். ஆயில் ஆஃப் ஓலே என்ற முகப்பூச்சை உருவாக்கிய இவரே, செவ்கோலத்தின் திறமையைக் கண்டு 1959இல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே செவ்கோலம் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். சொந்த நாட்டின் பெரிய போட்டிகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாக இருந்த காலம் அது. 1963இல் பிரித்தானிய ஓப்பன் போட்டியில் 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1963 நேட்டால் ஓப்பன்

1963இல், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையருடன் ஆட இவருக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி திடலுக்கு மட்டுமே. கழகக் கட்டடத்துக்குள் நுழைய இல்லை. போட்டியை வென்றவர் செவ்கோலம். பரிசளிப்பின்போது மழை பெய்தது. மற்றவர்கள் கட்டடத்தினுள் இருக்க, வெற்றியாளர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அக்காட்சியின் ஒளிப்படம் பல நாட்டு நாளிதழ்களில் வெளியாகி, தென்னாப்பிரிக்க விளையாட்டுக்கு எதிரான புறக்கணிப்பு இயக்கத்துக்கு வலுச் சேர்த்தது. அந்நாட்டின் இனக் கொள்கையை விளக்க நீண்ட அறிக்கைகள் செய்யாததை இந்த ஒரு படம் செய்தது எனலாம்.

1965 வெற்றியும் தடையும்

1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரை வென்றார். பிளேயர் அதற்குள் மூன்று முதன்மைப் பட்டங்களை வென்று உலகப் புகழ் பெற்றிருந்தவர் என்பதால் இதனை செவ்கோலத்தின் மிகச் சிறந்த வெற்றியாகக் கொள்ளலாம். அதே ஆண்டில், சிறப்பு அனுமதியின்றி வெவ்வேறு இனத்தவர் ஒன்றாக விளையாடுவதையும் பார்வையாளராகக் கூடுவதையும் அரசு தடை செய்தது. தொடர்ந்து, வெள்ளையர் போட்டிகளில் ஆட செவ்கோலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் வெளிநாடு சென்று ஆடும் வழியும் அடைந்தது. உடல் வலுவும் திறனும் இருந்த ஆண்டுகளில் அவருக்கு ஆடக் களம் இல்லை. 1978இல் வறுமையில் காலமானார்.

நினைவு

டர்பனில் உள்ள நகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடல் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்க நீதிபதி கிறிஸ்டோபர் நிக்கல்சன் இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார்.