கடிகாரத்தின் ஆயுள்

கொல்கத்தா மாநகரில் லால்பஜார் காவல் தலைமையகத்திற்கு அருகே ராதாபஜார் என்னும் தெரு உள்ளது. கடிகாரம் விற்போரும் பழுது பார்ப்போரும் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் இடம் அது. சில மாதங்களுக்கு முன் நான் இரண்டு கைக்கடிகாரங்களை அங்கே எடுத்துச் சென்றேன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியேற்க இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஹௌராவுக்கு ரயிலேறிய அன்று, என் தந்தையார் தம் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த எச்.எம்.டி. ஜனதா ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நானே விலை கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் மற்றொன்று.

கடைக்காரப் பெரியவர் முதலாவதைத் திறந்தார்; தூசு துடைத்தார்; எண்ணெய் இட்டார்; சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். அது ஓடியது. இரண்டாவதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். “இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பாபு. கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். கம்பெனியை நான் முன்னரே கேட்டிருந்தேன். அந்த மாதிரிக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது என்பதே கிடைத்த விடை. அது என் புதிய கைப்பேசியுடன் இணைய மறுக்கிறது. மின்னேற்றம் முற்றிலும் தீர்ந்து மீண்டும் விழிக்கும்போது தவறான மணியைக் காட்டுகிறது. அதைத் திருத்திவைக்க ஒரு திருகுகூட அதில் இல்லை.

மூத்தது ஓட, இளையது நின்றுவிட்டது ஏன்? இக்கேள்விக்கு விடை தேட, இந்நகரத்தின் பழைய நேரக் கணக்கை நாம் சிறிது நினைவுகூர வேண்டும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்னும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்ததில்லை. கல்கத்தாவின் உள்ளூர் நேரம் கிரீன்விச் நேரத்தினும் 5 மணி 53 நிமிடம் முந்தியது. சென்னையின் நேரமோ 5 மணி 21 நிமிடமே முந்தியது. இரண்டுக்கும் 32 நிமிட வேறுபாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்கள் பெரும்பாலும் சென்னை நேரப்படி ஓடின. கல்கத்தா மக்களோ தங்கள் நகரத்து நேரப்படி வாழ்ந்தனர். சென்னையிலிருந்து ஹௌராவில் வந்து இறங்கிய தமிழர், ஊருக்குள் நுழையுமுன் தம் கடிகார முள்ளை 32 நிமிடம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டியவராக இருந்தார்.

1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கல்கத்தா தன் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை; 1948 வரை அதனைக் காத்து வந்தது. இடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 முதல் 1945 வரை இந்தியத் திட்ட நேரமே ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பியது.

இத்தனை மாற்றங்களுக்கும் இடையே, நேரம் மாறிவிட்டது என்பதற்காக ஒரு கடிகாரமேனும் பயனற்றுப் போனதாகக் கூற முடியுமா? அரசாங்கம் ஆணை பிறப்பித்தது, மக்கள் திருகை இழுத்து முள்ளை நகர்த்தினர், காரியம் முடிந்தது. உற்பத்தியாளரின் அனுமதி எவருக்கும் தேவைப்படவில்லை. 1858-இல் கல்கத்தாவில் தொடங்கிய குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கிய பழங்கடிகாரங்கள் இன்றும் கைமாறுகின்றன. அவற்றைத் துடைத்துச் சீர்செய்து ஓட்டுவோரும் இருக்கிறார்கள்.

என் தந்தையாரின் கடிகாரத்தின் கதையும் இவ்வகையினதே. 1953-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியைப் பிரதமர் நேரு வெளியிட்டார். தலைமுறை ஒன்றிற்கு, முதல் சம்பளத்தின் அடையாளமாகவும் திருமணச் சீராகவும் எச்.எம்.டி. விளங்கியது. பின்னர்ப் பாட்டரியால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெருகின. நம் ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் அத்துறையில் முன்னணிக்கு வந்தது. எச்.எம்.டி. நலிந்தது. 2016 ஜனவரியில் அதன் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

செய்த ஆலை மூடப்பட்டும் கடிகாரம் ஓடுகிறது. வில்சுருளும் பல்சக்கரங்களும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. ஓர் உறுப்புத் தேய்ந்தால், ஓடாத மற்றொரு ஜனதாவிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார் ராதாபஜார்ப் பெரியவர். தெரிந்த கையும் கிடைக்கும் உறுப்பும் உள்ளவரை அதற்கு ஆயுள் உண்டு.

ஸ்மார்ட் வாட்சின் அமைப்பு வேறு. அது மூன்று கயிறுகளால் கட்டுண்டது. பாட்டரி பசையிட்டு மூடப்பட்ட கூட்டினுள் இருக்கிறது. சில ஆண்டுகளில் அதன் வலு குறைந்துவிடும். கடிகாரத்தின் மென்பொருள் கைப்பேசியிலுள்ள செயலியை நம்பியிருக்கிறது; கைப்பேசி மாறும்போது அதற்கேற்பக் கடிகாரமும் புதுப்பிக்கப்பட வேண்டும். நடந்த தூரம், நாடித் துடிப்பு ஆகிய கணக்குகளில் பல, தொலைதூரத்தில் உற்பத்தியாளர் நடத்தும் சர்வரில் சேர்கின்றன. இவற்றுள் ஒரு கயிறு அறுந்தாலும் கடிகாரம் முடமாகும்.

பெப்பிள் என்னும் கடிகாரம் இதற்கு நல்ல சான்று. 2012-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றுத் தொடங்கிய முயற்சி அது. 2016 டிசம்பரில் அந்நிறுவனம் மூடப்பட்டது; அதன் மென்பொருள் சொத்துக்களை ஃபிட்பிட் வாங்கிற்று. 2018 ஜூன் 30-ஆம் நாள் அதன் சர்வர்கள் நின்றன. ஆயினும் ஆர்வலர்கள் சிலர் ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடி, தாங்களே மாற்றுச் சேவை நடத்தி அக்கடிகாரங்களை வாழவைத்தனர். ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள், 2025 ஜனவரியில் பெப்பிளின் மென்பொருள் மூலத்தைப் பொதுவில் வெளியிட்டது. மென்பொருளும் திறந்த நிலையில் கிடைக்குமானால், அதற்கும் ஒரு ராதாபஜார் உண்டாகும் என்பதை இது காட்டுகிறது.

விலை மிகுதியாகக் கொடுத்தால் ஆயுளும் மிகும் என்று எண்ணுவதற்கில்லை. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் தங்கக் கூட்டில் ஒரு கடிகாரம் வெளியிட்டது. விலை 10,000 டாலரில் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அதற்குக் கிடைக்கவில்லை. 2023-இல் அம்முதல் தலைமுறைக் கடிகாரங்கள், பழுது பார்க்கும் சேவையும் அற்ற பட்டியலில் சேர்ந்தன. தங்கத்தின் மதிப்பு மட்டும் குறையவில்லை!

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பழைய சில்லுகளின் வலிமைக்கு எல்லை உண்டு. ஒவ்வொரு பழைய மாதிரியையும் சோதித்துப் பாதுகாப்புக் குறைகளை நீக்கிவரச் செலவாகும். என்றென்றைக்கும் அதனைச் செய்யும்படி எவரையும் நிர்ப்பந்திக்க இயலாது. ஆனால் ஒரு பொருளின் முடிவு நாளைத் தீர்மானிக்கும் அதிகாரம் விற்றவரிடமே இருக்குமானால், அந்நாளை வாங்குபவருக்கு முன்னரே சொல்லும் கடமையும் அவருடையதே. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அச்சிடப்படுகிறதல்லவா?

அரசாங்கங்களும் இதில் கவனம் செலுத்தத் தொடங்கியுள்ளன. பழுதுபார்ப்பு உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க, இந்திய நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், கைப்பேசிகளின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வேண்டும் என்கின்றன. கைக்கடிகாரங்கள் அவ்விதிகளில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, தற்போதைக்கு விழிப்பு நம்மிடமே இருக்க வேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவரில் பலர் தீபாவளிக்கு ஊர் செல்லும்போது பெற்றோரின் நாடித் துடிப்பை அறிய உதவும் என்று இக்கடிகாரங்களை வாங்கிச் செல்கிறார்கள். பாராட்டத்தக்க அன்பே அது. வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கடையில் கேளுங்கள்: எந்த ஆண்டு வரை இதற்குப் புதுப்பிப்பு உண்டு? பாட்டரியை மாற்ற முடியுமா? கைப்பேசி இல்லாமலே மணியைத் திருத்திவைக்க இயலுமா? விடை எழுத்தில் கிடைக்குமானால் இன்னும் நன்று.

என் மகனுக்கு வரும் ஆண்டில் வெளியூரில் கல்லூரி. ரயிலடியில் அவனுக்குக் கொடுக்க என்னிடம் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. எதைக் கொடுப்பேன் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவன் காலத்தில் செய்யப்படும் கடிகாரங்களும் அவன் தன் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.