தாண்டக் கூடாத கோடு

1810-ல் லண்டனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி குளோரின் வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துக் குளிர்வித்தார். பனி போன்ற படிகம் உறைந்தது. நூறாண்டுக்கு மேல் அது சோதனைச்சாலை வேடிக்கையாகவே இருந்தது. பிறகு அதன் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் அதனோடு மல்லுக்கட்ட நேர்ந்தது.

1930-களில் அமெரிக்காவில் எரிவாயுக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் உறைந்திருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் தண்ணீர் உறையாத வெப்பத்திலும் அடைப்பு விழுந்தது! 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் துப்புத் துலக்கினார்: அடைத்தது டேவி கண்டது போன்ற படிகம்தான். அதில் நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி வாயுவை உள்ளே பூட்டியிருந்தன. குளிரும் அழுத்தமும் இருந்தால் போதும். இரண்டுக்கும் பஞ்சமே இல்லாத இடம் ஒன்று இருந்தது: ஆழ்கடலின் தரை.

எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்கு அது கெட்ட செய்தி. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் போர் போடும்போது மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறக்கினால் கவலை தீரும். கடலில் அப்படித் தீராது. கிணற்றின் சூட்டில் தரைக்குள் இருக்கும் இந்த வாயுப் பனி உருகினால், ஒரு கனமீட்டரிலிருந்து சுமார் 160 கனமீட்டர் வாயு கிளம்பும். சுற்றியுள்ள தரை இளகிவிடும். பனிக்கு அடியில் வேறு வாயு தேங்கியிருக்கலாம். கிணற்று வாயை மூடினாலோ, பலமில்லாத மேல்மண்ணைப் பிளந்துகொண்டு அது வெளியே பீறிடும். நல்லவேளையாகப் பனி தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒலியலை அனுப்பிப் பார்த்தபோது, கடல்தரைக்கு இணையாக அதன் கீழே இன்னொரு கோடு தெரிந்தது. பனி முடியும் எல்லை அது. அந்தக் கோட்டைத் துளைக்கக் கூடாது என்று ஆய்வுக் கப்பல்களுக்கே கட்டுப்பாடு இருந்தது.

1990-களின் தொடக்கத்தில், சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் ஒரு கப்பல் துணிந்து துளைத்தது. எதுவும் வெடிக்கவில்லை.

2006-ல் ‘ஜாய்டீஸ் ரெசல்யூஷன்’ என்ற ஆய்வுக் கப்பல் இந்தியக் கடலுக்கு வந்தது. மற்றவர்கள் விலகிப் போன பனியைத் தேடித்தான் வந்தது! சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கடலில் முதலில் வெறும் துளைகளை மட்டும் போட்டது. துரப்பணக் குழாயிலேயே பொருத்திய கருவிகள் போகிற வழியில் அழுத்தத்தையும் பாறையையும் அளந்தபடி இறங்கின. வாயு கிளம்பினால் உடனே தெரிந்துவிடும். ஆபத்துக்கு வைத்த அந்தக் காவலே, புதையலுக்கு வரைபடமும் ஆனது.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் மாதிரிகள் மேலே வந்தன. செறிந்த பனி மணலில்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இங்கே களிமண்ணின் வெடிப்புகளில், சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு நிறைந்திருந்தது மீத்தேன் ஹைட்ரேட். தீக்குச்சியைக் காட்டினால் தண்ணீர் சொட்டச் சொட்ட எரியும் பனிக்கட்டி.